சட்டைப் பலகைகள்

நம்மைப் போல அறுபதைத் தாண்டியவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் முதலில் சர்க்கரையை விசாரிக்கிறோம், அடுத்து முழங்காலை. என் வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்றாவதாகவும் ஒன்று கேட்பார்கள். "ஏனுங்க, போன தடவை வந்தப்பவும் இதே சட்டைதானுங்களே போட்டிருந்தீங்க?"

இதே சட்டை இல்லை. இதே மாதிரிச் சட்டை. வெளியே போகிற குர்த்தாவுக்கு ஓர் அளவு, ஜாக்கெட்டுக்கு ஓர் அளவு, நைட்டிக்கு ஓர் அளவு என்று காக்கித் தாளில் வெட்டி வைத்திருக்கிறேன். துணி மாறும், பூ மாறும், அளவு மாறாது. எனக்கு நானே தைத்துக்கொள்கிறேன். என் மருமகள் செல்போனில் வரவழைக்கிற உடுப்புகளில் பாதி, வந்த பையிலேயே திரும்பிப் போகின்றன. தோள் சரியில்லை, கை சரியில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படித்தானுங் அத்தை எல்லாமே உக்காருது?" என்று கேட்கிறாள். ஒன்று சரியாக அமைந்துவிட்டால் அதை விட்டு நகர மாட்டேன், அவ்வளவுதான் என்றேன். சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தால், அது அப்பாவின் வாய்.

அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். குறிப்பாக, நான் ஏழாவது படித்த வருடத்து ஆடிமாதக் காற்றைப் பற்றி.

அப்போது கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் குடியிருந்தோம். அப்பா அங்கே இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் வேலை செய்தார். பம்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து, மண்ணில் பதித்து, பள்ளம் எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர வடிவத்துக்குப் பேர் பேட்டர்ன். அது சரியாக அமைந்துவிட்டால் அதை வைத்து எத்தனை பம்பு வேண்டுமானாலும் வார்க்கலாம். அப்பாவின் உலகமே அதுதான். வீட்டுக்கு வந்து கால் கழுவிய பிறகும் அவர் முழங்கை மயிரில் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக ஒரு தையல் மிஷின் வந்திருந்தது. அம்மாவுக்குத் தையலில் துளியும் இஷ்டம் கிடையாது. அதன்மேல் ஒரு துண்டை விரித்து ரேடியோ வைத்திருந்தாள். ஓடவேண்டிய மிஷின் சும்மா நிற்பதை அப்பாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை இறக்கிவைத்து, மிஷினைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்பப் பூட்டினார். பூட்டிய பிறகு ஓடுகிறதா என்று பார்க்கவேண்டுமே. தலையணை உறை தைத்தார். உறை நன்றாக வந்தது. அடுத்து தம்பிக்கு ஒரு டவுசர். அதோடு அவர் நிற்கவில்லை.

தையல்காரர்கள் தாளில் அளவு வெட்டி வைப்பார்கள். அப்பாவுக்குத் தாள்மேல் நம்பிக்கை கிடையாது. தாள் மடங்கும், கிழியும், கரப்பான் தின்னும். மேட்டுப்பாளையத்தில் இருந்து காலித் தேயிலைப் பெட்டிகளை வாங்கிவந்து, அவற்றின் மெல்லிய பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பவுண்டரி வழக்கப்படி சிவப்புப் பெயிண்ட் அடித்து, மேலே வெள்ளையில் நம்பர் எழுதினார். சட்டையின் முன்பக்கம் ஒரு பலகை, பின்பக்கம் ஒன்று, கைக்கு ஒன்று, காலருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஓட்டை போட்டு, கம்பியில் கோத்து, கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஜன்னல் திறந்திருந்தால் காற்றில் அவை ஒன்றோடு ஒன்று இடித்து டொக் டொக்கென்று சத்தம் போடும். பெயிண்ட் அடித்த பிறகும் தேயிலை வாசம் போகவில்லை. புதுச் சட்டை தைக்கிற நாளில், துணியை விரித்து, பலகையை வைத்து, சாக்கட்டியால் சுற்றிக் கோடு போடும்போது, கஞ்சி போட்ட துணியின் வாசமும் தேயிலை வாசமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் புதுத் துணியைப் பிரித்தால் எனக்கு டீ குடிக்கவேண்டும் போல இருக்கும்.

அம்மாவின் ஜாக்கெட்டுக்குப் பலகை செய்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் கல்யாண ஜாக்கெட் ஒன்று இருந்தது. காங்கேயத்தில் யாரோ ஒரு தையல்காரர் தைத்தது. அதைப்போல் ஒரு ஜாக்கெட் அதற்குப் பிறகு தனக்கு உட்காரவே இல்லை என்று அம்மா அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அப்பா அந்த ஜாக்கெட்டைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டு, பலகையில் வைத்து வரைந்துகொண்டார். அம்மா ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்துவிட்டாள். கூடத்தில் தன் கல்யாண ஜாக்கெட் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

"அடப் பாவத்தே, என்னங்க இது?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெசனப்படாதே அம்மணி. இனி உனக்கு ஆயுசு பூராத்துக்கும் இதே ஜாக்கெட்டுதான்" என்றார் அப்பா.

அன்றைக்கு அம்மா சமைக்கவில்லை. மறுநாள் அப்பா அதே துண்டுகளைத் திரும்பச் சேர்த்துத் தைத்தார். அதோடு புதுத்துணியில் இன்னொன்றும் தைத்துக் கொடுத்தார். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு அம்மா கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். எது பழசு எது புதுசு என்று கை தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. அன்றிலிருந்து டவுன் தையல்கடைப் பக்கம் அவள் போகவே இல்லை.

தெருவில் பேச்சு வந்தது. எதிர்வீட்டு அக்கா, அவள் எங்களைவிட ரொம்பப் பெரியவள், ஆனாலும் எல்லாருக்கும் அக்கா, ஒரு நாள் அப்பாவிடமே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, ஆம்பளை போயி பொம்பளைக்கு ஜாக்கெட்டு தெக்கறதுங்களா?"

"டவுன்ல தெக்கறவரு மட்டும் ஆம்பளை இல்லீங்களா?" என்றார் அப்பா.

அக்கா யோசித்துப் பார்த்தாள். அடுத்த வாரம் தன் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பாவின் பலகைகளில் ஒரு சங்கடமும் உண்டு. இரும்பு ஆறினால் சுருங்கும் என்பதால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்வார்கள். அதே கணக்கைத் துணிக்கும் போட்டார். துவைத்தால் சுருங்குமே. துணி அவர் நினைத்த அளவு சுருங்காது. அதனால் வருடத் தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் கோணிப்பைக்குள் போட்ட மாதிரி இருப்போம். வருடக் கடைசியில் சரியாக இருக்கும். அப்பா அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

பிள்ளைகளின் சட்டைப் பலகை ஒன்றுதான். எனக்கும் அதுவே, தம்பிக்கும் அதுவே. எனக்கு வைக்கும்போது பலகையைச் சுற்றிச் சாக்கட்டியை ஓர் அங்குலம் தள்ளிப் பிடிப்பார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். இரண்டாவது படிக்கும்போது செய்த பலகை. அதில் தைத்த பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு மரம் ஏறியிருக்கிறேன், கிணற்றங்கரையில் வழுக்கியிருக்கிறேன், ஒரு தையல் விட்டதில்லை. "அஞ்சு வருசமா ஒரு புகார் வந்ததுண்டா?" என்று அப்பா வருகிற ஒறம்பரை, சொந்தக்காரர்களிடமெல்லாம் அந்தப் பலகையைக் கழற்றிக் காட்டுவார்.

ஏழாவது வந்தபோதுதான் அது உடம்பை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது.

பெண் பிள்ளைகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளர்வதில்லை. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஓர் அங்குலம் சுற்றித் தள்ளி வெட்டினால் தீர்கிற விஷயமில்லை அது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து புதுச் சட்டையைப் போட்டேன். வழக்கமான கோணிப்பைத் தொளதொளப்பு அந்த முறை இல்லை. கைக்குழி அறுத்தது. கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறியது. நிமிர்ந்து நின்றால் பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே வாய் திறந்தது. ஆகவே நான் நிமிர்வதை விட்டுவிட்டேன். தோளை முன்னால் வளைத்து, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து, ஆடிக் காற்றுக்குக் குளிர்கிறவள் போல நடக்கப் பழகினேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அம்மா அப்பாவிடம் சொல்வாள். அப்பாவிடம் போய், உங்கள் பலகை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிட, ஏன் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கே அதற்கு வார்த்தை கிடையாது. சட்டைமேல் தப்பா, என்மேல் தப்பா என்றும் தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் விளையாட்டு டீச்சர். நான் பள்ளிக்கூடத்துக் கோகோ அணியில் இருந்தேன். ஓட்டத்தில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்த வருடம் கையை நீட்டித் தொடவேண்டிய இடத்தில் எல்லாம் கையை ஒடுக்கிக்கொண்டேன். பாய்ந்து விழவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். "என்னாச்சு உனக்கு? உடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பல்லடத்தில் நடக்கப்போகிற போட்டிக்கு என்னை வெளியே உட்காரும் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டார். வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதோடு ஆரம்பித்தது வைத்தியம்.

அம்மா அது நெஞ்சுச் சளி என்று முடிவு செய்தாள். தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம். கஷாயத்தின் கசப்பு இன்றைக்கும் நாக்கின் ஓரத்தில் எங்கோ இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அந்த இருமலைக் கேட்டு அம்மாவுக்குச் சளி உறுதியாகிவிட்டது. அப்பா மட்டும் அது முதுகெலும்பு என்றார். பள்ளிக்கூடப் பைதான் காரணம் என்றார். சும்மா சொல்லிவிட்டு இருக்கிற ஆளா அவர்? தேயிலைப் பெட்டிப் பலகையில் என் உயரத்துக்கு ஒன்று செய்து சுவரில் சாய்த்து, பொழுதோட விளக்கு வைக்கிற நேரத்தில் நான் அதில் முதுகை ஒட்டி நிற்கவேண்டும் என்றார். நிற்பேன். பலகை முதுகைத் தள்ள, சட்டை நெஞ்சை இழுக்க, நடுவில் நான். தம்பிக்கு அது சினிமா பார்க்கிற மாதிரி. எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பார்ப்பான்.

இந்த நேரத்தில்தான் சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை. கோயமுத்தூரில் டைப்ரைட்டிங் படிக்க எங்கள் வீட்டில் தங்க வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் எல்லாச் சேலைக்கும் ஏற்ற ஜாக்கெட், எல்லாம் கடையில் தைத்தது, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங் மாமா, ஊட்டுல எல்லாருமே பேண்டு வாத்தியக்காரங்க மாதிரி ஒரே சட்டையா போட்டிருக்கறீங்களே, இதென்னங்க பம்பா, வரிசையா வார்த்து உடறதுக்கு?"

"பம்பை விடச் சட்டை கஷ்டம்மா. பம்பு ஒரே எடத்துல நிக்கும்" என்றார் அப்பா.

அவளுக்கும் ஒன்று தைத்துத் தருவதாகச் சொன்னார். அவள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

கஷாயமும் பலகையும் பலிக்காமல் போகவே, என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வயதானவர், நல்லவர். நெஞ்சில் குழாயை வைத்து, "நல்லா மூச்சை இழு கண்ணு" என்றார். இழுத்தால் பொத்தான் போய்விடும். பாதி இழுத்து நிறுத்தினேன். "இன்னும் இழு." பாதிதான். அவர் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "மூச்சு உள்ளே போகவே மாட்டேங்குதே. எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துரலாம்" என்றார்.

நெஞ்சுக்குப் படம் எடுப்பது என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒருவர் டி.பி.யில் இருமி இருமிப் போயிருந்தார். அம்மா மருதமலைக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். என் டம்ளரைத் தனியாக வைக்கலாமா என்று யாரோ சொல்ல, அப்பா அவர்மேல் எரிந்து விழுந்தார். எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வேன் என்று நினைப்பீர்கள். எனக்குப் பயம் வந்தது அதனால் இல்லை. அப்பா மிஷினைத் தொடவில்லை. பவுண்டரியிலிருந்து வந்து, கால் கழுவி, கூடத்தில் பலகைகளுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அக்காவின் துணி வெட்டியபடி கிடந்தது. காற்று அடிக்கும்போது பலகைகள் டொக் டொக்கென்று இடித்துக்கொள்ளும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

படம் எடுக்கப் போன அன்று அம்மாவுக்கு வருகிற தைரியம் இல்லை. அப்பாவும் சித்தியும் கூட்டிப் போனார்கள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சித்தி என்னோடு உள்ளே வந்தாள். அங்கிருந்த ஒரு அம்மா, சட்டையைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொள் என்று பச்சைத் துணியில் தொளதொளவென்று ஒரு அங்கி கொடுத்தாள். எந்த அளவும் இல்லாமல் தைத்த அங்கி. யார் வேண்டுமானாலும் நுழையலாம். போட்டுக்கொண்டேன். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னாள். நின்றேன்.

"மூச்சை இழுத்துப் புடி."

இழுத்தேன். எத்தனை நாளைக்கப்புறம் அப்படி இழுக்கிறேன்! இழுக்க இழுக்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அந்த அறையில் மருந்து வாசம். அதுகூட எனக்கு நன்றாக இருந்தது.

"போதும் போதும், ஊரு காத்தையெல்லாம் நீயே இழுத்துப்போடாதே" என்று அந்த அம்மா சிரித்தாள்.

நான் திரும்பினேன். நேராக, தோள் விரிய நின்றிருந்தேன் போலிருக்கிறது. சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாற்காலியில் கிடந்த என் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்தாள். தூக்கிப் பிடித்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு," என்று என் காதருகில் குனிந்து கேட்டாள், "இது இறுக்கிப் புடிக்குதா உனக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளாக எல்லாரும் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்றே கேட்டிருந்தார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை. சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, தாங்கமுடியாமல் சிரித்தாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவுக்கு அந்தச் சத்தம் அழுகையாகக் கேட்டிருக்கிறது. நாங்கள் வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்லீங் மாமா. வூட்டுக்குப் போயிச் சொல்றேன். வாங்க" என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அப்பாவின் பழைய அரைக்கைச் சட்டை ஒன்றை எனக்குப் போட்டுவிட்டாள். முழங்கால்வரை தொங்கியது. கூடத்தில் எல்லாருக்கும் நடுவில் என்னை நிறுத்தி, "கையத் தூக்கு கண்ணு" என்றாள். தூக்கினேன். "குனி. நிமிரு. ஓடு." கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடினேன். தம்பி கை தட்டினான். அப்புறம் உள்ளே கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டு வெளியே கொண்டுவந்தாள். "இப்பத் தூக்கு."

என்னால் முடிந்தவரை தூக்கினேன். தோள் தானாகவே வளைந்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது அஞ்சு வருசமா உக்கார்ற பேட்டர்னு" என்றார் அப்பா மெதுவாக.

"பேட்டர்னு அப்படியேதானுங் மாமா இருக்குது. புள்ளைதான் அப்படியே இல்லை."

அப்பா எழுந்தார். சுவரில் இருந்த பிள்ளைகள் பலகையைக் கழற்றினார். அதை என் தோளுக்கு நேராக, தொடாமல், காற்றில் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், பவுண்டரியில் பார்ப்பது போல. பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சட்டைக்கு எடுக்கவேண்டிய எக்ஸ்ரேவைப் புள்ளைக்கு எடுத்துப்போட்டு வந்திருக்கறேன் பாரு."

அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எத்தனை கஷாயம் குடிச்சா என்ற புள்ளை!" என்று என்னைப் பிடித்து முத்தமிட்டாள். "சொல்லறதுக்கென்னடி கண்ணு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில். சாயங்காலம் படம் வந்தது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இப்படி ஒரு நல்ல நுரையீரலைப் பார்த்து நாளாயிற்று என்று டாக்டர் சொன்னாராம். ஆனாலும் டாக்டராயிற்றே, ஒரு ரோஸ் கலர் டானிக் எழுதிக் கொடுத்தார். தம்பி அதைத் திருடிக் குடித்துத் தீர்த்தான்.

அன்றைக்கே புதுப் பலகை வேலை தொடங்கியது. அப்பா எனக்கு அளவு எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். "நீ எடுத்துச் சொல்லு, நான் வெளியில எழுதிக்கறேன்" என்று சித்தியிடம் டேப்பைக் கொடுத்தார். கதவுக்கு உள்ளே சித்தியும் நானும். கதவுக்கு வெளியே பென்சிலும் பலகையுமாக அப்பா. சித்தி அளவைக் கத்துவாள். அப்பா, "அக்கட்டால இருந்து இக்கட்டாலையா, இல்ல மேலிருந்து கீழயா?" என்று கத்துவார். தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு அக்கா அவள் வீட்டு வாசலில் இருந்தே, "ஏனுங்க, தோளுக்கு இன்னும் கொஞ்சம் உடுங்க" என்று யோசனை சொன்னாள்.

முதலில் ஒரு பழைய வேட்டியில் வெட்டித் தைத்துப் பார்த்தார்கள். கழுத்து வழியாக நானே வெளியே வந்துவிடும் அளவுக்கு இருந்தது. அடுத்ததில் வலது கையும் இடது கையும் மாறிப்போய்விட்டன. அதைப் போட்டால் எப்போதும் யாரையோ கும்பிடப்போகிற மாதிரி இருந்தது. அப்பா கோபப்படவே இல்லை. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சரியாக அமைந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் அவருக்குப் பிடித்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதும் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. ஐந்து வருடமாக அவருக்குத் தேட வேலை கொடுக்காமல் இருந்துவிட்டோம். சித்தி முன்பக்கத்தில் ஒரு டக் பிடிக்கச் சொன்னாள். அப்பா இரண்டு பிடித்தார். கைக்குழியை ஆழமாக்கி, கைக்கு மேலே கொஞ்சம் சுருக்கம் வைத்தார். பழைய வேட்டியில் மூன்றாவதாகத் தைத்ததைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. கை மட்டும் மேலே போனது.

சித்தியே அடுத்த நாள் தன் துணியைக் கொண்டுவந்து, "மாமா, எனக்கும் இப்படி ஒரு பலகை செஞ்சு குடுங்க" என்றாள். அதற்குப் பிறகு வருடாவருடம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. கதவுக்கு உள்ளே டேப், வெளியே பென்சில். சித்தி கல்யாணமாகிப் போன பிறகு அம்மா அளவு எடுத்தாள். தையல் பிடிக்காத அம்மா அதை மட்டும் விடவில்லை. நானும் இன்றுவரை வருடத்துக்கு ஒரு முறை என் தாள்களை என்மேல் வைத்துப் பார்த்துவிடுகிறேன். பிடித்த அளவு என்பதற்காக உடம்பு அங்கேயே நிற்காது. இப்போதெல்லாம் எந்தப் பக்கம் வளர்கிறது என்று கேட்காதீர்கள்.

பலகைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. வீடு மாறியபோது சிலவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டோம், மழையில் ஊறி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டன. ஜாக்கெட் பலகையைத் தம்பி மகன் ஒருமுறை கிரிக்கெட் ஸ்டம்பாக நட்டிருந்தான். அம்மா அதைக் கண்டு, அவன் அவுட்டாகும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

பல்லடத்துப் போட்டியைச் சொல்லாமல் விட்டால் சித்தி கோபித்துக்கொள்வாள். புதுச் சட்டையோடு மைதானத்துக்குப் போன முதல் நாளே டீச்சர் என்னைத் திரும்ப அணியில் சேர்த்துவிட்டார். போட்டிக்கு அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேலைக்குப் போட்டிருந்த காக்கியோடே வந்தார். சித்தி டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டாள். காற்று புழுதியை வாரி இறைத்தது. நான் கம்பத்தைப் பிடித்துத் திரும்பி, முழுக் கையையும் நீட்டி, தரையோடு தரையாகப் பாய்ந்து ஒரு பெண்ணின் குதிகாலைத் தொட்டேன். எங்கள் பிள்ளைகள் கத்தினார்கள். அதையெல்லாம் மீறி அப்பாவின் குரல் கேட்டது.

"டீச்சர், பாத்தீங்களா, கைக்குழி துளிகூட இழுக்கலீங்க!"

"ஏனுங்க, அவ அவுட் எடுத்திருக்கறா, அதைப் பாருங்க!" என்றார் டீச்சர்.

கடைசியில் நாங்கள் தோற்றோம். எதிரணிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களைவிட உயரம். ஆனால் நான் பாய்ந்து பாய்ந்து விழுந்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்து, சட்டை முன்பக்கம் முழுக்கச் செம்மண். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். எதிர் ஸீட்டில் இருந்த ஒரு பெரியவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வெளையாட்டுங்களா? ஜெயிச்சுதுங்களா புள்ளை?" என்று கேட்டார்.

அப்பா என் தோளில் விரல் வைத்து, கைக்குழியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக அவரிடம் திரும்பினார்.

"தையல் ஒண்ணுகூட உடலீங்க" என்றார்.